பதினேழாவது தாரை

ஒரு பனி உருண்டை நம் கணக்குப்படி நடக்கவில்லை என்றால் தப்பு யாருடையது, கணக்கினுடையதா, உருண்டையினுடையதா? கண் இமைக்காமல் "உருண்டையினுடையது" என்று சொல்லும் இனம் ஒன்று உண்டு, வாசகரே. கணினிக்குள் வால்நட்சத்திரத்துக்கு வால் செய்கிறவர்களின் இனம்.

வால்நட்சத்திரம் என்பது பனியும் தூசும் பிசைந்த உருண்டை. வெயில் பட்டால் பனி ஆவியாகிக் கிளம்பும். கூடவே தூசையும் இழுத்துக்கொண்டு வரும். அது நீண்டு வாலாகும். அவ்வளவுதான். ஆனால் அவ்வளவோடு விட்டுவிட்டால் அந்த இனத்தைச் சேர்ந்த நம் ஆளுக்குச் சம்பளம் எதற்கு? புகைப்படத்தில் வால் கொஞ்சம் வளைந்திருந்தால், உருண்டையில் ஓர் ஓட்டை போட்டு ஒரு தூசுத் தாரையைத் திறந்துவிடுவார். இன்னும் வளைந்தால் இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் திசை, வேகம், திறக்கும் நேரம், மூடும் நேரம் என்று தனித்தனித் திருகு. திருகத் திருகப் படமும் கணக்கும் ஒட்டும். ஒட்டியதும் நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஒரு சுற்றுச் சுற்றுவார். அலுவலகத்தில் அவருக்குத் தாரையார் என்று பெயர்.

வீட்டிலும் அதே கதைதான்.

"ஏங்க, இஸ்திரிப் பெட்டியில ஏன் ஆவியே வரல?"

"அடியில ஒரு ஓட்டை அடைச்சிருக்கும். இடது பக்கம். போன செவ்வாய்க்கிழமைல இருந்து."

"நான் இன்னும் தண்ணியே ஊத்தல. சும்மா கேட்டேன்."

"அப்படின்னாலும் இடது பக்கம்தான்."

இப்படிப்பட்டவரை நம்பித்தான் ஒரு விண்கலம் போய்க்கொண்டிருந்தது. உருண்டையிலிருந்து எவ்வளவு தள்ளிப் போகலாம்? கிட்டே போனால் தூசு கலத்தைத் துளைத்துவிடும். எட்டிப் போனால் பத்து வருட உழைப்புக்குப் பலனாக ஒரு மங்கல் புள்ளிதான் மிஞ்சும். மாலை நான்கு மணிக்குள் ஓர் எண் வேண்டும் என்று, கலத்துக்குப் பாதை போடுகிறவர் அறை வாசலிலேயே நின்றார். தாரையாரிடம் பதினேழு தாரைகளும் ஓர் எண்ணும் தயாராக இருந்தன: ஆயிரத்து நானூறு கிலோமீட்டர். பதினேழாவது தாரைதான் அவருடைய செல்லம். வாலில் தெரிந்த ஒரு சின்னப் புடைப்புக்காக மூன்று மாதம் பாடுபட்டுத் திறந்தது அது. கலம் போகும் பக்கமாகவே பீய்ச்சியது.

மூன்றரைக்கு, வாலைப் படம் எடுத்துத் தந்த தொலைநோக்கிக்காரம்மா வந்தார்.

"சார், கோவிச்சுக்காதீங்க. அந்தப் புடைப்பு வால்ல இல்ல. பின்னாடி ஒரு நட்சத்திரம். படத்துல நட்சத்திரங்களத் துடைச்சு எடுக்கும்போது அதுல பாதிய விட்டுட்டேன்."

"ஆனா கணக்கு அச்சு அசலா ஒட்டுதேம்மா!"

"அதான் சார் எனக்கும் பயமா இருக்கு."

அறையில் யாரும் சிரிக்கவில்லை. இல்லாத ஒன்றுக்கே இவ்வளவு அழகாக ஒட்டிய கணக்கு, இருப்பதற்கு ஒட்டியபோது மட்டும் என்ன சொல்லியிருக்கும்? தாரையார் பதினேழை மூடினார். எண் அறுநூறுக்கு இறங்கியது. மிச்சம் பதினாறையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நேற்று படியில் எதிர்ப்பட்ட பக்கத்து வீட்டுக்காரர் பேசாமல் போனதற்கு நீங்கள் எத்தனை காரணம் திறந்துவிட்டீர்கள்? பொறாமை, போன மாதச் சண்டை, அவர் மைத்துனர் ஓதியது... எல்லாம் கச்சிதமாக ஒட்டியிருக்குமே? மனிதருக்குப் பல்வலியாக இருந்திருக்கலாம் என்று ஒரு தடவையாவது தோன்றியதா?

நான்கு மணிக்குத் தாரையார் எழுதிக் கொடுத்த எண் ஆயிரத்து எழுபது.

"இது எந்தக் கணக்குல வந்துச்சு சார்?" என்றார் பாதை போடுகிறவர். ஆயிரத்து நானூறும் இல்லை, அறுநூறும் இல்லை, இரண்டுக்கும் சரிபாதியும் இல்லை.

"போடுங்க."

கலம் ஒரு கீறல்கூட இல்லாமல் கடந்தது. படங்கள் கண்ணாடி போல வந்தன. பாராட்டுக் கூட்டத்தில் ஆளாளுக்கு அந்த எண்ணுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். தாரையார் எல்லாவற்றையும் கேட்டுத் தலையாட்டிவிட்டு, இன்னொரு காப்பி வாங்கிக்கொள்ளப் போனார்.