வாகரை மச்சாள்

"தெய்வமணி! தெய்வமணி ஆரு?"

தாதி பரீனா மூன்றாம் தரம் கூப்பிட்ட பிறகுதான், அது தான் கொடுத்த பொய்ப் பெயர் என்பது யசோதினிக்கு உறைத்தது. பதறி எழும்பினாள்.

"அந்த வாங்கில இரிங்கவன். கூப்பிடுறன்."

யசோதினி களுவாஞ்சிக்குடிப் பக்கம் மிட்வைஃப். வீடு வீடாகப் போய், "முப்பத்தைஞ்சு வயசாயிற்று, இன்னும் பாப் சோதனை செய்யல்லயா?" என்று கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோய்ச் சோதனைக்குப் பெண்களை விரட்டுகிறவள். அவள் மட்டும் நாற்பதைத் தொட்டும் செய்துகொண்டதில்லை. கூட வேலை செய்து, ஒன்றாக இருந்து சோறு தின்கிறவர்கள் முன்னால் போய்ச் சோதனைக்குப் படுப்பதா? அதனால்தான் பட்டிருப்புப் பாலம் தாண்டி, வெல்லாவெளிப் பக்கத்துச் சின்னக் கிளினிக் ஒன்றுக்கு மாஸ்க்கோடு வந்திருந்தாள்.

அந்த நீள மர வாங்கில் உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லோருமே மாஸ்க் போட்டிருந்தார்கள். இந்தப் பக்கம் சளி, தடிமன் கூடுதலாக்கும் என்று நினைத்தாள்.

பக்கத்தில் இருந்தவள் காதோடு கேட்டாள். "நோகுமாகா?"

தொழில் பழக்கம் சும்மா இருக்கவிடவில்லை. "நோகாதுகா. மூச்ச இழுத்து விட்டுக்கொண்டு உடம்பத் தளர்வா வச்சிருங்க. கர்ப்பப்பைக் கழுத்துல கொஞ்சம் செல் எடுப்பாங்க, அவ்வளவுதான்."

வாங்கு முழுவதும் அவள் பக்கம் திரும்பியது.

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்றாள் ஒரு கண்ணாடிக்காரி.

"என்ட மச்சாள் மிட்வைஃப்."

"எந்த ஏரியா?"

"வா... வாகரை."

"வாகரையில ஆரு? பேரென்ன?"

எந்தப் பேரைச் சொன்னாலும் யசோதினி அகப்பட்டுவிடுவாள். மச்சாளை இனி உயிரோடு வைத்திருக்க முடியாது.

"அவ மோசம் போயிற்றா."

"ஐயோ! என்ன வருத்தம்?"

எதிர்ச் சுவரில் ஒரு போஸ்டர்தான் இருந்தது. அதில் இருந்ததை அப்படியே வாசித்தாள். "கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோய்."

"மிட்வைஃபுக்கா! அவ சோதிச்சுப் பார்க்கல்லயா?"

யசோதினிக்கு ரோசம் வந்துவிட்டது. "மிட்வைஃப் சோதிக்காம இருப்பாவா?"

"அப்ப சோதிச்சும் செத்திட்டாவா!"

இரண்டு பேர் கைப்பையைத் தூக்கிக்கொண்டு எழும்பினார்கள். மூன்றாமவள் செருப்பைத் தேடினாள்.

"நில்லுங்க!" யசோதினி மாஸ்க்கைக் கழற்றினாள். "அப்பிடி ஒரு மச்சாளே எனக்கு இல்ல. ஒருத்தரும் சாகவுமில்ல. நான்தான் மிட்வைஃப். ஊருக்கெல்லாம் சொல்லிப்போட்டு நான் ஒருநாளும் செஞ்சதில்ல. வெட்கம். அதவிட, ஏதும் இரிக்கி எண்டு வந்திருமோ எண்டு பயம். நேரத்தோட கண்டுபிடிச்சா சுகப்படுத்தலாம் எண்டு எத்தின பேருக்குச் சொல்லியிருப்பன்! நான் முதல்ல போறன். நான் சிரிச்சிக்கொண்டு வெளிய வந்தா நீங்களும் வாங்க."

எழும்பியவர்கள் மெல்ல உட்கார்ந்தார்கள்.

உள்ளே, அவள் மூச்சை இரண்டு தரம் இழுத்து விடுவதற்குள் வேலை முடிந்திருந்தது. இதற்கா இத்தனை வருசம் பயந்தோம் என்று அவளுக்கே சிரிப்பு வந்தது. சேலையைச் சரிசெய்துகொண்டு பரீனாவிடம் சொன்னாள்:

"வெளிய இரிக்கிற ஊர்ப் பொம்பளையள் பாவம் நர்ஸ். என்ட வாயால நல்லாப் பயந்திட்டாங்க. பக்குவமாச் செய்ங்க."

பரீனா கையுறையைக் கழற்றியபடி சிரித்தாள்.

"ஊர்ப் பொம்பளையள் வெள்ளிக்கிழமை முகத்தக் காட்டிக்கொண்டே வந்து செஞ்சிட்டுப் போயிருவாங்க மிஸ். இண்டைக்குப் புதன்கிழமை, உங்களப்போல ஒளிச்சு வாற நர்ஸ்மாருக்கும் மிட்வைஃப்மாருக்கும் எண்டே நான் ஒதுக்கி வச்ச நாள்."