ஊரிலேயே ஒசந்த தண்ணி

"ஏண்டி கலா, இது உங்க ஊர் ஏரி ஜலமா, பெருமாள் தீர்த்தமா?"

கல்லூரி லேப் வாசலில் பாட்டிலைத் தூக்கிப் பிடித்தபடி கேட்டாள் வஸுமதி. பாட்டிலுக்கு அந்தப் பக்கம் அவளுடைய மூக்குத்தி பளிச்சென்று தெரிந்தது.

கலைவாணி பாட்டிலைப் பிடுங்கினாள். மூக்குத்தி தெரியக் கூடாது. சனிக்கிழமை முழங்கால் சேற்றில் நின்று அவள் பிடித்த தண்ணீருக்குப் பின்னால் குத்துவிளக்கையே ஏற்றி வைத்தாலும் தெரிந்திருக்காது. அவ்வளவு கறுப்பு. மேலே நுரை வேறு.

மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள். ஒரு நாற்றமும் இல்லை. பாட்டிலின் கழுத்தைச் சுற்றி மஞ்சள் தடவி, நடுவில் ஒரு குங்குமப் பொட்டு.

"நேத்தே சந்தேகம் வந்துச்சிடி. பஸ்ல பக்கத்துல உக்காந்தவங்க யாருமே மூக்கப் பொத்தல. மூடி நல்லா இறுகிக்கினு இருக்குதுன்னு நெனச்சேன். அம்மா கட்டிக் குடுத்த பைய நான் பிரிச்சிக்கூடப் பாக்கல."

"பொட்டு வெச்சது யாரு?"

"வேற யாரு? எங்கம்மா."

பாட்டிலை அங்கேயே வைத்துவிட்டு, கல்லூரி வாசலில் இருந்த காயின் பாக்ஸுக்கு ஓடினாள் கலைவாணி. சின்னேரிக்குப்பத்தில் போன் இருப்பது மணியம்மா கடையில். மணியம்மா கூப்பிட்டு, அம்மா செங்கம்மா கை துடைத்துக்கொண்டு வந்து சேர்வதற்குள் மூன்று ஒரு ரூபாய்க் காசுகளைப் பெட்டி விழுங்கிவிட்டது.

"அம்மா, பாட்டில்ல இருந்த தண்ணி எங்க?"

"பாட்டில்லதான்டி இருக்குது."

"நான் புடிச்ச தண்ணிம்மா!"

"அதுவா? அத்தக் கொட்டிட்டு, பாட்டில புளி போட்டு வெளக்கிட்டேன். இன்னா நாத்தம்! மாடுகூட வாய் வெக்காது."

"அந்த நாத்தம்தாம்மா வேணும்!"

அந்தப் பக்கம் ரிசீவர் விலகும் ஓசை. பிறகு செங்கம்மா யாரிடமோ சொல்வது கேட்டது. "மணியம்மா, என் பொண்ணு நாத்தம் வேணும்ன்றா. படிப்பு ஜாஸ்தியாப் பூடுச்சி."

"அம்மா, வெளையாடாத. இது பரீட்சை மாதிரி. இருவத்தஞ்சி மார்க்கு."

"மார்க்கு கெடக்கட்டும். நூறு பேரு பாக்கிற எடத்துல, சின்னேரிக்குப்பம்னு பேரெழுதி ஒட்டி அந்தச் சாக்கடைய வெப்பியா? பொண்ணு பாக்க வந்தா மூஞ்சி கழுவாமயா நிறுத்துவாங்க? ஊரு மானம் இன்னாடி ஆவறது? அதான், ஊர்லயே ஒசந்த தண்ணியாப் பாத்து ரொப்பி அனுப்பிச்சேன். எம்மாம் தெளிவா இருக்குது பாத்தியா?"

செங்கம்மா அப்படித்தான். சொந்தமாக ஒரு குழி நிலம் இல்லாத குடும்பம் அரை ஏக்கரில் வேர்க்கடலை போட்டுத் தலை நிமிர்ந்தது இந்தப் பத்து வருஷத்தில். மகன் கிரண்குமார் பெங்களூரில் வேலை. மகள் திருப்பதியில் காலேஜ். இனிமேல் யாரும் தன்னை, தன் வீட்டை, தன் ஊரை ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது என்பதில் அவள் குறியாக இருந்தாள்.

ஆனால் ஊரில் ஏரி இருந்ததே. சித்தூரை அடுத்த குடிபாலா பக்கம் மாமரம் இல்லாத ஊர் கிடையாது. அந்த மாம்பழத்தை நம்பி சின்னேரிக்குப்பத்துக்கு ஒரு குஜ்ஜு ஃபேக்டரி வந்து நாலு வருஷமாகிறது. குஜ்ஜு என்கிற மாம்பழக் கூழ் டப்பாவில் அடைபட்டு வெளிநாட்டுக்குப் போனது. தோலும் கழிவுத் தண்ணீரும் குழாய் வழியாக ஏரிக்குப் போயின. முதல் மாசமே மீன் செத்தது. இரண்டாம் மாசம் மதகடியில் இறங்கியவர்களுக்குக் காலெல்லாம் அரிப்பு. ஊர்க்காரர்கள் திரண்டு போய்க் கேட்டபோது, மேனேஜர் கோவர்த்தனன் மேல்சட்டையைச் சரிசெய்துகொண்டு, "இந்தத் தண்ணிக்கு என்ன கேடு? நானே குடிப்பேன்" என்றார். அதற்குமேல் என்ன கேட்பது? திரும்பி வந்துவிட்டார்கள்.

இப்போது கல்லூரியில் சுற்றுச்சூழல் வாரம். ஆறு மாணவிகள் ஆறு ஊர்த் தண்ணீர் கொண்டுவர வேண்டும். மத்தியானம் மூன்று மணிக்கு மேடையிலேயே சோதனை. எந்த ஊர்த் தண்ணீர் ரொம்ப மோசமோ, அந்த ஊருக்கு அடுத்த வாரமே மாசுக் கட்டுப்பாட்டு ஆபீசர் வந்து பார்ப்பார் என்று கெமிஸ்ட்ரி பிரேமலதா மேடம் சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் கலைவாணி சேற்றில் இறங்கினாள்.

"அம்மா, நம்ம தண்ணி நாறுனாத்தான் ஆபீசர் வருவாரு. வந்தாத்தான் ஃபேக்டரிக் குழாய மூடுவாங்க. புரியுதா?"

செங்கம்மாவின் குரல் இறங்கி வந்தது. "அத்த மின்னாடியே சொல்றதுக்கு இன்னாடி? சரி, நான் இப்பவே ஒரு கேன் புடிச்சி எடுத்தாறேன். மேனேஜரு திருப்பதிக்கு இன்னாவோ மீட்டிங்குனு கெளம்பிக்கினு இருக்காரு. அவரு ரூம்பக் கூட்டித் தொடைக்கிறவளுக்கு ஜீப்புல எடம் குடுக்க மாட்டாரா? துலுக்காணம் அண்ணன்தான் ஓட்டுது."

"இன்னா மீட்டிங்கும்மா?"

காசு தீர்ந்து லைன் அறுந்துபோனது.

என்ன மீட்டிங் என்பது கல்லூரிக்குள் திரும்பியதும் தெரிந்துவிட்டது. ஹால் வாசலில் தெலுங்கில் புதுப் பேனர் கட்டிக்கொண்டிருந்தார்கள். வஸுமதி எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"சிறப்பு விருந்தினர், ஸ்ரீ கோவர்த்தனன், மேனேஜர்... ஏண்டி, இது உங்க ஊர் ஃபேக்டரி பேர்தானே?"

"அவரா? சுற்றுச்சூழலுக்கா?"

"நானூறு பேருக்கும் மாம்பழ ஜூஸ் அவா கம்பெனிதானாம். சும்மா கூப்பிடுவாளா?"

கலைவாணி பிரேமலதா மேடத்தைத் தேடி ஓடினாள். தண்ணீர் மாறிப்போய்விட்டது, பாட்டிலைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்க நினைத்து, அவசரத்தில் தெலுங்கும் தமிழும் கலந்து எதையோ உளறினாள். மேடம் அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

"பயப்படாதேம்மா. லேப் வாசலில் உன் பாட்டிலைப் பார்த்தேன். நானே மேடையில் முதலாவதாக வைத்துவிட்டேன். ஆறு பாட்டிலில் பொட்டு வைத்தது உன்னுடையது ஒன்றுதான். பார்க்க லட்சணமாக இருக்கிறது!"

வெளியே வந்தவளை வஸுமதி தனியே இழுத்தாள்.

"நான் ஒண்ணு சொல்றேன், கேளு. கேன்டீன்ல அரை டம்ளர் டிகாஷன் வாங்கிண்டு வரேன். யாருக்கும் தெரியாம விட்டுடலாம். கலர் வந்துடும். ரெண்டு பெருங்காயக் கட்டி போட்டா வாசனையும் வந்துடும்."

"வாணாம்."

"ஏண்டி? உங்க ஏரி நாறத்தானே நாறறது?"

"நெஜமாவே நாறுதுடி. அதுக்கு எதுக்கு டூப்ளிகேட் நாத்தம்? எங்கம்மா தண்ணியோட வரும். நாங்க ஒண்ணும் ஏமாத்தி ஜெயிக்க வாணாம்."

சொல்லிவிட்டாளே தவிர, மணி இரண்டே முக்காலுக்கு ஜீப் வந்து நிற்கும்வரை அவள் கல்லூரி வாசலைவிட்டு நகரவில்லை. முன்பக்கத்திலிருந்து கோவர்த்தனன் இறங்கினார். மாலை போட்டு அழைத்துப் போனார்கள். பின்பக்கத்திலிருந்து செங்கம்மா இறங்கினாள். நல்ல நாளுக்குக் கட்டும் சிவப்புப் பட்டுக்கரைப் புடவை. தலையில் கனகாம்பரம். இரண்டு கையும் வெறும் கை.

"அம்மா, கேன் எங்க?"

"சந்திரகிரி தாண்டி ரோட்டோரத்துல கெடக்குது."

"ஐயோ!"

"நான் இன்னாடி பண்றது? 'வண்டியில இன்னா செத்துக் கெடக்குது'ன்னு வழியெல்லாம் மூக்கப் பொத்திக்கினே வந்தாரு. 'ஒண்ணும் சாவல சார், நம்ம ஏரித் தண்ணி'ன்னேன். அவ்ளோதான். வண்டிய நிறுத்தச் சொல்லி, அவரே புடுங்கி வீசி எறிஞ்சிட்டாரு. அப்பால கையில சென்ட்டு அடிச்சிக்கினாரு."

மணி மூன்றடித்தது.

மேடையில் ஆறு பாட்டில்கள் வரிசையாக நின்றன. ஐந்து கலங்கல். முதலாவது மட்டும் கண்ணாடி மாதிரி, நெற்றியில் பொட்டோடு. ஆபீசர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார்.

கோவர்த்தனன் மைக்கைப் பிடித்தார். முதல் பாட்டிலில் ஒட்டியிருந்த ஊர்ப் பெயர் அவர் கண்ணில் பட்டது. முகமெல்லாம் பல்லானது.

"பாருங்கள்! இது எங்கள் ஃபேக்டரிக்குப் பக்கத்து ஏரித் தண்ணீர். ஏரி கெட்டுப்போய்விட்டது என்று சில பேர் பேசுகிறார்கள். இதைப் பார்த்த பிறகும் பேசுவார்களா? நாலு வருஷத்துக்கு முன்னாலேயே சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன். அந்த ஏரித் தண்ணீரை நானே குடிப்பேன்!"

நானூறு பேரும் கை தட்டினார்கள். ஜூஸ் வாங்கிய கைகள்.

பேசாமல் இருந்தால் மார்க்கு வரும். ஊர்ப் பெயரும் கெடாது. ஏரிதான் போகும். கலைவாணி எழுந்து நின்றாள். 

"மேடம், அது எங்க ஏரித் தண்ணி இல்ல. எங்க ஏரித் தண்ணி கறுப்பா இருக்கும். இது மாறிப்போச்சி."

ஹாலில் சலசலப்பு. கோவர்த்தனன் சிரித்தார்.

"பாவம், சின்னப் பெண். தன் ஊர்த் தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று ஒத்துக்கொள்ள மனசில்லை. ஆபீசர் சார், இது சத்தியமாக எங்கள் ஏரித் தண்ணீர்தான். எனக்குத் தெரியாதா? எழுதிக்கொள்ளுங்கள்."

ஆபீசர் எழுதிக்கொண்டார்.

"சோதனை செய்துவிட்டால் தெரிந்துவிடுகிறது" என்றார் பிரேமலதா மேடம். ஒவ்வொரு பாட்டிலிலிருந்தும் ஒரு சோதனைக் குழாயில் தண்ணீர் எடுத்து, கொஞ்சம் அமிலம் சேர்த்து, மேலே பர்மாங்கனேட் சொட்டு விட்டார். ஆறும் ரோஜாப்பூ நிறத்துக்கு மாறின. "நிறம் அப்படியே நின்றால் தண்ணீர் சுத்தம். எவ்வளவு சீக்கிரம் மறைகிறதோ, அவ்வளவு அழுக்கு."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது குழாய் கொஞ்சம் வெளுத்தது. ஐந்தாவது இன்னும் கொஞ்சம்.

"அடியே, ஒன்னோடதப் பாரு!" என்று வஸுமதி கிள்ளினாள்.

முதல் குழாயில் ரோஜா நிறம் சுத்தமாகக் காணோம். பழுப்பாகத் திரிந்து, தேநீர் மாதிரி நின்றது. மேடம் நம்பாமல் இரண்டாம் தடவை சொட்டு விட்டார். அதுவும் மறைந்தது. மூன்றாம் தடவையும் மறைந்தது.

ஆபீசர் கண்ணாடியைக் கழற்றினார். "ஆறில் இதுதான் ரொம்ப மோசம். அடுத்த வாரம் சின்னேரிக்குப்பம் ஏரிக்கு வருகிறேன்."

கோவர்த்தனன் துள்ளி எழுந்தார். "சார், சார்! அது எங்கள் ஏரித் தண்ணீரே இல்லை! அந்தப் பெண்ணே சொன்னாளே!"

"நீங்கள் சத்தியம் செய்தீர்களே? எழுதியிருக்கிறேன்."

"சத்தியத்தை அடித்துவிடுங்கள் சார்! இது வேறே ஏதோ சாக்கடைத் தண்ணீர்!"

"சாக்கடையா?"

பின்வரிசையிலிருந்து வந்த குரலுக்கு மைக் தேவைப்படவில்லை. செங்கம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, நானூறு பேருக்கு நடுவே மேடையைப் பார்த்து நடந்து வந்தாள்.

"யாரம்மா நீங்கள்?" என்று கேட்டார் பிரேமலதா மேடம்.

செங்கம்மா வாயைத் திறப்பதற்குள் கலைவாணி சொன்னாள். "எங்கம்மா, மேடம்." சொல்லும்போது அவள் கழுத்து தானாக நிமிர்ந்தது.

"சாக்கடைன்னு சொல்லாதீங்க சார்" என்றாள் செங்கம்மா, மேனேஜரைப் பார்த்து. "பொண்ணு ஏரித் தண்ணிதான் புடிச்சி வெச்சிருந்துச்சி. நாந்தான் கொட்டிட்டு மாத்திட்டேன். தப்புதான். ஆனா மாத்துனது சாக்கடை இல்ல. என் பொண்ணு திருப்பதி காலேஜில மேடையில வெக்கிறதுன்னா, ஊர்லயே ஒசந்த தண்ணியா இருக்க வாணாமா? எங்க வூட்டுக் கொடத்துல இருந்து கூட ரொப்பல. எங்க ஊர்ல மினரல் வாட்டரு குடிக்கிறவரு ஒரே ஒருத்தருதான். ஞாயித்துக்கெழம உங்க ரூம்பக் கூட்டும்போது, உங்க கேன்ல இருந்துதான் சார் புடிச்சேன்."

நானூறு தலைகளும் மேனேஜர் பக்கம் திரும்பின.

கோவர்த்தனனின் கை மெல்ல ஏறித் தொண்டைக்குப் போனது. பிறகு இறங்கி வயிற்றுக்குப் போனது. முன்னாலிருந்த பழுப்புக் குழாயைப் பார்த்தார். நாலு வருஷம். தினம் பத்து டம்ளர்.

வாசலில் அவருடைய தண்ணீர் ஃப்ளாஸ்க்கைப் பத்திரமாக அணைத்துப் பிடித்துக்கொண்டு டிரைவர் துலுக்காணம் நின்றிருந்தான்.

"டேய் துலுக்காணம்! வாரா வாரம் சித்தூர் போய்க் கேன் எடுத்தாறன்னு ஜீப்ப எடுத்துக்கினு போறியே, அந்தத் தண்ணிய எங்கடா புடிக்கிறே?"

துலுக்காணம் எல்லோரையும் ஒரு தரம் பார்த்தான். பிறகு வெகு பணிவாகச் சொன்னான்:

"நம்ம ஏரியிலதான் சார், நாலு மடிப்பு வேட்டியில வடிகட்டி, கரியும் படிகாரமும் போட்டுத் தெளியவெச்சி எடுத்தாறேன். நீங்கதான சார் அன்னிக்கு ஊரு முன்னால சொன்னீங்க, அத்த நானே குடிப்பேன்னு?"