தாள் தடவும் அமாங்

தாள் தடவிகள் என்றொரு இனம் உண்டு. உங்கள் சபையிலும் ஒருவர் இருப்பார். ஞாயிறு அறிவிப்புத் தாளை அவர் கையில் கொடுத்துப் பாருங்கள். யார் பிறந்தார், யார் செத்தார் என்றெல்லாம் பார்க்க மாட்டார். மூலையைக் கட்டைவிரலால் தேய்ப்பார், வெளிச்சத்தில் பிடிப்பார், காதருகே படபடவென்று ஆட்டுவார், கடைசியில் மோந்தும் பார்த்துவிட்டு, "எழுபது கிராம்தான்" என்று தாளின் கனத்தைச் சொல்லிப் பெருமூச்சு விடுவார். செத்தவருக்குக்கூட அப்படி விட்டதில்லை.

தோபா ஏரிக்கரையில், எங்கள் பாலிகே சபைக்கு வாய்த்தவர் அமாங் பிஸ்மார்க் நபிதுபுலு. எங்கள் பேச்சில் ஐயா என்றால் அமாங், அம்மா என்றால் இனாங். மேடானுக்குப் போனால் மற்றவர்கள் துரியான் வாங்கி வருவார்கள். இவர் மாதிரித் தாள் வாங்கி வருவார். "கர்த்தரோட சேதியக் கசங்குற தாள்லயா போடுறது?" என்று மூன்று கூட்டங்களில் கேட்டார். ஆள் ஓய்ந்தால் போதுமென்று பளபளப்பான தாளுக்குச் சம்மதித்தோம். அச்சடிக்கும் ரோசிந்தா மட்டும், "அமாங், நம்ம மெஷின் மை தாளுக்குள்ள ஊறித்தான் காயும். இந்த வழவழப்புல எங்க போய் ஊறும்?" என்றாள்.

"நீ அச்சடி, இனாங். தாளப் பத்தி எனக்குத் தெரியாததா?"

அது என்ன சாதாரண ஞாயிறா? மணப்பெண் லம்தியூருக்கு இரண்டாவது திருமண ஓலை. இரண்டு ஞாயிறு பெயர் வாசித்தால்தான் கல்யாணம். அதுவும் அச்சில் உள்ளதைத்தான் வாசிப்பது எங்கள் வழக்கம். வெள்ளிக்கிழமை கல்யாணம். விருந்துக்குப் பன்றிகளுக்குச் சொல்லியாயிற்று, தாய்மாமன் வீட்டார் ஜகார்த்தாவில் பஸ் ஏறியாயிற்று.

மூப்பர் தொகாப் வாசிக்க எழுந்தார். மாப்பிள்ளை பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கருப்பாக ஒரு தீற்றல். பக்கத்திலிருந்தவரின் தாளை வாங்கிப் பார்த்தார்; அதிலும் தீற்றல். புதுத் தாள் என்றதும் அன்று நாங்கள் எல்லோருமே தடவிப் பார்த்திருந்தோம். சபை முழுக்கக் கரிக்கை, பெண்களின் வெள்ளைக் கபாயாச் சட்டைகளில் விரல் அடையாளம்.

"தெரியாதத நான் வாசிக்க மாட்டேன்," என்றார் மூப்பர். "அடுத்த வாரம் பாத்துக்கலாம்."

லம்தியூர் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "அடுத்த வாரமா? அத பன்றிங்ககிட்ட யாரு சொல்றது, அமாங்?" குரல் உடைந்துவிட்டது.

ரோசிந்தா விசிறிக்கொண்டிருந்த கையை அப்போதுதான் நிறுத்தினாள். மடித்து விசிறியாக்கியிருந்தது, சனிக்கிழமை மெஷினைச் சோதிக்க அடித்த முதல் பிரதி; மளிகைக்கடையில் பொட்டலம் கட்டும் பழுப்புத் தாள். மூப்பர் வாங்கிப் பிரித்தார். ஓர் எழுத்துகூடக் கலையவில்லை. வாசித்தார். லம்தியூர் உட்கார்ந்து அழுதாள். வெள்ளிக்கிழமைப் பந்தியில் நானும் இருந்தேன்.

அந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பிஸ்மார்க் எங்களை நோக்கி வந்தார். மன்னிப்புக் கேட்கத்தான் வருகிறார் என்று நினைத்தோம். விசிறியை வாங்கி மூலையைத் தேய்த்தார். "இது எத்தன கிராம், இனாங்?"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் வாசிக்கத் தொடங்குமுன் இந்தப் பக்கத்தின் ஓரத்தை உங்கள் கட்டைவிரல் ஒரு முறை தடவியதே, அது எதற்காம்?