பாதியண்ணனும் என் இரண்டாவது பேட்டரியும்

சேலத்திலிருந்து நாமக்கல் வரைக்கும், எதையும் பாதியில் நிறுத்தியே பேர் வாங்கிய மனிதர் ஒருவர்தான். மல்லசமுத்திரத்து வண்டி எலக்ட்ரீசியன். பெற்றவர்கள் வைத்த பேர் ரேஷன் கார்டுக்கு மட்டும் தெரியும், எங்களுக்குப் பாதியண்ணன்.

டீயைப் பாதி குடித்துவிட்டு டம்ளரை வைத்துவிடுவார். சினிமாவுக்குப் போனால் இடைவேளையில் எழுந்து வந்துவிடுவார். எந்தப் படத்திலும் வில்லன் செத்தானா இல்லையா என்று அவருக்குத் தெரியாது. கல்யாணப் பந்தியில் ரசம் வருவதற்குள் இலையை மூடிவிடுவார். சொந்தக் கல்யாணத்தில் மூன்று முடிச்சையும் முழுசாகப் போட்டாரா என்று ஊரில் இன்னும் ஒரு சந்தேகம் உண்டு. கேட்டால், மிச்சம் இருந்தால்தான் நாளைக்கு ஓடும் என்பார்.

என்னைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பள்ளிக்கூடம் என்னை இரண்டாம் வகுப்போடு விட்டுவிட்டது. தீவன மூட்டை சுமந்தவன், கோழிக்குஞ்சுக்குத் தடுப்பூசி போடும் கூட்டத்தில் சேர்ந்து, பிறகு சொந்தமாக ஒரு வேனும் எட்டு ஆட்களும் வைத்தேன். ஒரு கையில் குஞ்சு, மறு கையில் ஊசி, அந்த வேகத்தில் என்னை மிஞ்ச இன்னும் ஒருத்தன் பிறக்கவில்லை.

வெயில் ஏறுவதற்குள் ஊசியை முடிக்க வேண்டும். அதனால் முதல் நாள் சாயங்காலமே போய்விடுவோம். நோய் வந்துவிடும் என்று பண்ணைக்குள் வெளிவண்டியை விடமாட்டார்கள். கேட்டுக்கு வெளியே வேனை நிறுத்தி, ஓரமாகப் படுதாவை விரித்துத் தூங்குவோம். வேனுக்குள் மருந்துக்கு ஒரு குட்டி ஃபிரிட்ஜ். அதற்கென்று இரண்டாவதாக ஒரு பேட்டரி. ஃபிரிட்ஜ் நின்றால் மருந்து வெறும் தண்ணீர்.

ஆனால் அந்தப் பேட்டரியில் ஃபிரிட்ஜ் மட்டுமா ஓடியது? இரண்டு ஃபேன், லைட்டு, எட்டு செல்போன், பாட்டுக்கு ஒரு ஸ்பீக்கர். பேட்டரி ஒன்றன்பின் ஒன்றாகச் செத்தது. இன்னும் பெரிசாக வாங்கினேன். அது பெரிசாகச் செத்தது. கடைசியில்தான் பாதியண்ணனைக் கூப்பிட்டேன்.

பேட்டரியைப் பார்த்தவர், இழவு வீட்டுக்கு வந்த மாதிரி துண்டைத் தோளிலிருந்து எடுத்தார்.

"ஏனுங்க, மாட்டுல ஒரு சொட்டு உடாமக் கறந்துட்டாக் கன்னுக்குட்டி என்னத்தக் குடிக்கும்?"

"இது பேட்டரிங்க."

"இதுக்கும் அதேதானுங்க. பாதிக்குக் கீழ எறங்கி எறங்கி உள்ள தகடே வெளுத்துப் போச்சு. இனி எத்தன சார்ஜ் ஏத்துனாலும் நிக்காது."

புதுப் பேட்டரிக்கு ஒரு பெட்டி மாட்டினார். சார்ஜ் குறையும்போது பெட்டி கத்தும். உடனே ஃபேனை அணைத்துவிட வேண்டும். அணைக்காவிட்டால், பாதிக்கு வந்ததும் எல்லாவற்றையும் தானே துண்டித்துவிடும்.

அன்றைக்கு ராத்திரியே பெட்டி கத்தியது. ஒருத்தனும் எழவில்லை. பெட்டி சொன்னபடி துண்டித்தது. எங்கள் டிரைவர் மாணிக்கம் லாரிப் பட்டறையில் வளர்ந்தவன். அங்கே எல்லா நோய்க்கும் ஒரே வைத்தியம், நடுவில் இருப்பதை விலக்கிவிட்டு 'டைரக்ட்' கொடுப்பது. பெட்டியைத் தாண்டி ஒரு ஒயரை இழுத்தான். ஃபேன் சுற்றியது. எல்லோரும் அவனைக் கொண்டாடினோம், நானும்தான். விடியும்போது பேட்டரி காலி, ஃபிரிட்ஜ் சூடு. ஊசி போடாமல் திரும்பினோம். ஒரே வாரத்தில் மூன்று பண்ணைக்காரர்கள் என்னை வர வேண்டாம் என்றார்கள். எனக்கு 'வெந்த மருந்துக்காரர்' என்று பட்டமும் கிடைத்தது.

நாமக்கல் பக்கத்துப் பெரிய பண்ணைக்காரர் ஒருவர் மட்டும், ஒரே ஒரு தடவை பார்க்கிறேன், தெர்மாமீட்டரோடு வருவேன் என்றார். அது தப்பினால் என் தொழில் அதோடு சரி.

பாதியண்ணன் வந்து மாணிக்கத்தின் ஒயரைப் பிடுங்கினார். "கொசு புடுங்குதுங்கண்ணா. உங்க பெட்டி வந்து கொசு ஓட்டுமா?" என்று அவன் எகிறினான். அவர் ஃபேன், லைட்டு என்று ஒவ்வொன்றாகப் போட்டு, எது எவ்வளவு குடிக்கிறது என்று மீட்டரில் பார்த்தார். மனிதர்களை நம்பியது தன் தப்பு என்று சொல்லிவிட்டு, ஃபிரிட்ஜுக்குத் தனி வழி, ஃபேன் வகையறாவுக்குத் தனி வழி என்று பிரித்தார். ஃபேன் சீக்கிரமே தானாக நின்றுவிடும்; ஃபிரிட்ஜ் விடியும்வரை குடிக்க வேண்டியது பத்திரமாக இருக்கும். அன்று தானும் பாயோடு வேனில் ஏறிக்கொண்டார்.

பத்து மணிக்கெல்லாம் ஃபேன் நின்றது. படுதாவிலிருந்து வந்த வசவுகளைப் பத்திரிகையில் போட முடியாது. நான் முன்சீட்டில் எல்லாச் சாமிக்கும் வேண்டிக்கொண்டே தூங்கிப்போனேன்.

கிழக்கு வெளுக்கையில் பண்ணைக்காரர் வந்தார். ஃபிரிட்ஜைத் திறந்து தெர்மாமீட்டரை வைத்தார். எடுத்துப் பார்த்தார்; கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார். நாலு டிகிரி. நான் பேட்டரியில் மீட்டரை வைத்தேன். பாதிக்கு மேலே கம்பீரமாக நின்றது.

"பத்து ஷெட்டும் இனி உங்களுக்குத்தானுங்க. ஆளுகள எழுப்புங்க" என்றார்.

அன்றைக்கு அந்த வட்டாரத்தில் என்னைவிட உயரமான ஆள் கிடையாது. அந்த மூன்று பண்ணைக்காரர்களும் பிற்பாடு தாங்களாகவே கூப்பிட்டார்கள். இரண்டு நாள் காக்க வைத்துவிட்டுத்தான் போனேன். அன்று காலை, ஆட்களை எழுப்பச் சொன்னதும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஊரே எழும்படி ஒரு சத்தம் போடலாம் என்று வேனுக்குப் பின்னால் நடந்தேன்.

படுதாவின் தலைமாட்டில் பாதியண்ணன் உட்கார்ந்திருந்தார். இரண்டு கண்ணும் சிவந்திருந்தன. கையில் ஒரு முட்டை அட்டை. மாணிக்கத்துக்கும் பக்கத்தில் கிடந்தவர்களுக்கும் விசிறிக்கொண்டிருந்தார். ஃபேன் நின்றதிலிருந்தே விசிறுகிறார் போல.

என்னைப் பார்த்ததும் வாயில் விரலை வைத்தார்.

"இப்பத்தானுங்க கண்ணசந்தான். பாவம், ஃபேன நிறுத்துனது நாந்தானுங்களே."

வெயில் ஏற இன்னும் கொஞ்சம் நேரமிருந்தது. செருப்பைக் கழற்றி ஓசைப்படாமல் வைத்துவிட்டு, இன்னொரு அட்டையை எடுத்துக்கொண்டு அவருக்கு எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தேன்.