மாமனார் கம்ப்யூட்டருக்கு மூன்று விசிறி

கம்ப்யூட்டரில் வேலை பார்ப்பவனுக்குக் கம்ப்யூட்டரைக் கழற்றி மாட்டவும் தெரியும் என்று நம் ஊரில் எல்லோரும் நம்புகிறார்கள். கேட்பவர் மாமனாராகப் போகிறவர் என்றால், அதை நாமும் நம்பிவிடுகிறோம்.

எனக்கு ஸ்ரீரங்கத்தில் வீடு, திருச்சி டவுனில் ஆபீஸ். ஊழியர்கள் லீவு கேட்டு விண்ணப்பிக்கிற மென்பொருளை எழுதுவது என் உத்தியோகம். (அந்த மென்பொருளில் எனக்கே லீவு கிடைத்ததில்லை, அது தனிக் கதை.) கம்ப்யூட்டர் பெட்டியின் மூடியை நான் திறந்துகூடப் பார்த்தது கிடையாது.

கயல்விழிக்கும் எனக்கும் நிச்சயம் முடிந்து, கல்யாணத்துக்குக் காத்திருந்த சமயம். அவளுடைய அப்பா கைலாசபுரத்தில் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் இருந்தார். ஓய்வு பெறும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். திருவானைக்காவலில் வாங்கிப் போட்டிருந்த மனையில் வீடு கட்டத் திட்டம். இன்ஜினியரை நம்பாமல், கயல் பள்ளிக்கூடம் போன காலத்தில் வாங்கிய டெஸ்க்டாப்பில் மாமாவே மாதக்கணக்கில் உட்கார்ந்து வீட்டை வரைந்திருந்தார். சும்மா கோடு இல்லை. அந்த வீட்டுக்குள் திரையிலேயே நடந்து போகலாம். போகலாம் என்று அந்த வரைபட மென்பொருள் சொன்னது.

"பாருங்க மாப்பிள்ளை, வாசல்ல நல்லா போகுது. ஹாலுக்குள்ள கால் வச்சா அப்படியே நின்னுடுது. நானும் ஹாலைத் தாண்டணும்னு பாக்குறேன், முடியல."

அந்த ஏக்கத்தைக் கேட்டு எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

"கிராபிக்ஸ் கார்டு இல்ல மாமா, அதான். படத்தையெல்லாம் வேகமாக் காட்டுறதுக்குன்னே தனியா ஒரு அட்டை இருக்கு. வாங்கிச் சொருகினா போதும், வீடு முழுக்க ஓடலாம்."

கயல் என்னை ஓரமாகக் கூப்பிட்டாள். "உங்களுக்கு இதெல்லாம் தெரியுமா?"

"சொருகுறதுதானே."

கடைக்காரர் என்னிடம் மூன்று கேள்விகள் கேட்டார். "என்ன மதர்போர்டு சார்? எஸ்எம்பிஎஸ் எத்தனை வாட்ஸ்? கேபினெட்டுல எடம் இருக்குங்களா?" மூன்றுக்கும் சேர்த்து, "எல்லாம் பாத்தாச்சுங்க" என்று ஒரே பதிலைச் சொல்லிவிட்டு, இருப்பதிலேயே பெரிய கார்டைக் காட்டினேன். அதன் மேல் மூன்று விசிறிகள் இருந்தன. வேறு தகுதி எதையும் நான் பார்க்கவில்லை.

சனிக்கிழமை காலை கைலாசபுரம் போனால், பக்கத்துக் குவார்ட்டர்ஸ் சாமிநாதன் சார் மனைவியோடு வந்து உட்கார்ந்திருந்தார். "மாப்பிள்ளை கம்ப்யூட்டர் எக்ஸ்பர்ட்" என்று மாமா அந்தத் தெரு முழுக்கச் சொல்லியிருந்தார். கயலின் அம்மா, அதாவது அத்தை, கார்டுக்கு மஞ்சள் குங்குமம் வைத்தார். விசிறியில் வைக்க வேண்டாம் என்று நான் சொல்வதற்குள் மூன்றிலும் வைத்து முடித்திருந்தார்.

பெட்டியைத் திறந்தேன். கார்டை வைத்துப் பார்த்தேன். பாதிதான் போனது. மீதிப் பாதிக்கு முன்னால் ஹார்டுடிஸ்க் மாட்டியிருந்த இரும்புக் கூண்டு நின்றது.

"போகலியே?" என்றார் சாமிநாதன் சார்.

"கார்டு சரியாத்தான் இருக்கு. கேபினெட்தான் சின்னது" என்றேன். (மாப்பிள்ளை சரி, பெண் வீடுதான் சிறியது என்கிற தொனி. இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.)

மாமா அசரவில்லை. அரியமங்கலத்தில் அவருக்குத் தெரிந்த இரும்பு அறுக்கும் பட்டறை ஒன்று இருந்தது. உள்ளே இருந்ததையெல்லாம் கழற்றிச் சாப்பாட்டு மேஜையில் செய்தித்தாள் விரித்துப் பரப்பினேன். வெறும் கூட்டை மடியில் வைத்துக்கொண்டு மாமாவின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்தேன். பட்டறைக்காரர் எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்தார்.

"என்னங்க, யார் வீட்டு லாக்கருங்க இது?"

தீப்பொறி பறக்கக் கூண்டு அறுபட்டது. வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் திரும்ப மாட்டினேன். கூண்டு போய்விட்டதால் ஹார்டுடிஸ்க்கைக் கயலின் ரிப்பனால் கட்டித் தொங்கவிட்டேன். மிஞ்சிய ஸ்க்ரூக்களை யாரும் பார்க்காதபோது சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

கார்டு உட்கார்ந்தது. ஆனால் அதற்குத் தனியாக மின்சாரம் வேண்டுமாம். அந்த ஒயர், பெட்டிக்குக் கரண்டு கொடுக்கும் பழைய எஸ்எம்பிஎஸ்ஸில் இல்லை. ஓடிப் போய் ஓர் இணைப்பு ஒயர் வாங்கி வந்தேன். அதன் பிறகு மானிட்டர் ஒயரைச் சொருகப் பார்த்தால், கார்டில் அதற்குத் துவாரமே இல்லை. மறுபடி ஓடிப் போய் ஒரு கன்வெர்ட்டர் வாங்கி வந்தேன். இரண்டாம் தடவை கடைக்காரர், "சார், பழைய சப்ளைன்னா அது இழுக்குமான்னு..." என்று ஆரம்பித்தார். அவர் வாக்கியத்தை முடிக்கும்போது நான் தெருமுனையைத் தாண்டியிருந்தேன்.

சாயங்காலக் காப்பியோடு எல்லோரும் கூடினார்கள். சுவிட்சைப் போட்டேன். மூன்று விசிறிகளும் குங்குமத்தைத் தெறிக்கவிட்டுக்கொண்டு சுழன்றன. திரை வந்தது. மாமா மவுஸைப் பிடித்தார். வாசல் கடந்தது. ஹால் வந்தது. நிற்கவில்லை! ஹாலைத் தாண்டிவிட்டார். சாமிநாதன் சார் கை தட்டினார். மாமாவின் கண் கலங்கியிருந்ததை நான் பார்த்தேன். அந்த நிமிடத்தில் கயல் என்னைப் பார்த்த பார்வையை அதன் பிறகு நான் பார்க்கவே இல்லை.

"இந்தா, இதான் உன் சமையக்கட்டு" என்று மாமா பெருமையாக உள்ளே நுழைந்தார்.

அத்தை திரைக்கு அருகில் வந்தார். காகிதத்தில் கோடாகப் பார்த்தபோதெல்லாம் தலையாட்டியவர் இப்போதுதான் அதை அறையாகப் பார்க்கிறார்.

"இதுவா? இதுல நான் நிக்கிறதா, இல்ல கிரைண்டர் நிக்கிறதா?"

மாமா பதில் சொல்ல வாயைத் திறந்தார். டப் என்று ஒரு சத்தம். பெட்டியின் பின்னாலிருந்து புகை. வீட்டில் ஃபேன், ஃப்ரிட்ஜ் எல்லாம் நின்றுபோயின.

எஸ்எம்பிஎஸ் போய்விட்டது. போகும்போது ரிப்பனில் தொங்கிய ஹார்டுடிஸ்க்கையும், அதிலிருந்த வீட்டையும் அழைத்துக்கொண்டு போய்விட்டது. "வேற காப்பி எடுத்து வச்சிருப்பீங்கள்ல?" என்று சாமிநாதன் சார் கேட்டார். மாமா அவரைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. அணைந்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் போயிட்டு வரேன் என்று சொன்னது யார் காதிலும் விழவில்லை.

கல்யாணம் நின்றுவிடும் என்றே நினைத்தேன். மறுநாள் கயல் வீட்டிலிருந்து போன் வந்தபோது, எங்கள் அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டேதான் எடுத்தேன்.

பேசியது அத்தை.

"மாப்பிள்ளை, ரொம்ப நல்ல காரியம் பண்ணீங்க. அது வெடிக்கலேன்னா இந்த மனுஷன் அந்தப் பொந்தைத்தான் கட்டியிருப்பாரு. இப்ப முதல்லேருந்து வரையணுமாம். நான் பக்கத்துலயே நாற்காலி போட்டு உக்காந்துட்டேன்."

பின்னால் மாமாவின் குரல் கேட்டது: "அவரையே கேளு, ஹாலை இதுக்கு மேல எப்படிச் சுருக்குறதுன்னு."

கல்யாணம் நடந்தது. திருவானைக்காவலில் வீடும் எழும்பியது. ஹாலில் நான்கு பேர் உட்கார்ந்தால் ஐந்தாவது ஆள் வாசலில் நிற்க வேண்டும். சமையலறையில் பந்தியே போடலாம். கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் அதை வியந்தார்கள். அத்தை ஒவ்வொருவரிடமும் என்னையும் சமையலறையையும் காட்டி, "இது எங்க மாப்பிள்ளை போட்ட கிராபிக்ஸ் கார்டு" என்றார்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் சமையலறைக்கு வேறு பெயர் கிடையாது. போன வாரம்கூட எங்கள் மகள் தண்ணீர் கேட்டாள். மாமா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்:

"கிராபிக்ஸ் கார்டுல பானை இருக்கு பாரும்மா. போறப்ப ஹால்ல யாரு காலையும் மிதிச்சிடாத."