என் வில்லன் என்னை மன்னித்துவிட்டார்

அன்புத் தங்கைக்கு,

உன் அண்ணன் எழுதுவது. நீயும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் வீட்டுக்காரர் சௌக்கியமாக இருக்கிறார் என்பது எனக்கே தெரியும். அவர் அளவுக்கு மீறிச் சௌக்கியமாக இருப்பதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். இங்கே உன் அண்ணி நலம். நானும் நலம், இடது முழங்காலையும் மானத்தையும் தவிர.

இரண்டு தெரு தள்ளி இருப்பவளுக்குக் கடிதமா என்று சிரிக்காதே. போன் செய்தால் நீ கை வேலையாக இருக்கிறேன் என்று ஸ்பீக்கரில் போட்டுவிடுவாய். பின்னாலிருந்து அவர், "மச்சானா? நல்லா இருக்கீங்களா மச்சான்?" என்று குழைவார். நேரில் வந்தால் அவரே கதவைத் திறந்து, என் செருப்பைக் குனிந்து எடுத்து ஓரமாக வைக்கிறார். அதற்குப் பிறகு அந்த மனுஷனைப் பற்றி அவர் வீட்டுக்குள்ளேயே எப்படிக் குறை சொல்வது?

மூன்று மாதத்துக்கு முன்னால், ரத்தக் கொதிப்பு குறையும் என்று அவரை ஒரு மூச்சுப் பயிற்சி வகுப்பில் சேர்த்துவிட்டாய். நல்ல எண்ணத்தில்தான் செய்தாய், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அங்கே மூச்சை மட்டும் இழுத்து விடச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. மன்னிக்க வேண்டியவர்களின் பட்டியலை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். மாப்பிள்ளை எழுதியிருக்கிறார். முதல் பெயர் என்னுடையதாம். இரண்டாவது பெயரே கிடையாதாம். அந்த ஞாயிற்றுக்கிழமை நாடகத்துக்கு முன்னால் ஒப்பனை அறையில் நான் கண்ணுக்கு மை தீட்டிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றார். பதினான்கு வருஷமாக ஒவ்வொரு காட்சிக்கு முன்னாலும் அப்படித்தான் வந்து நிற்பார். கண்ணாடியில் என்னை முறைத்து, "இன்னிக்கு நீ செத்தே" என்பார், போய்விடுவார். அவ்வளவுதான் எங்கள் ஒத்திகை. அதைக் கேட்டதும் எனக்கு முதுகு தானாக நிமிரும், இளவரசன் தயார். அன்றைக்கும் காத்திருந்தேன். அவர் என் தோளில் கை வைத்து, "மச்சான், உங்களை நான் மனசார மன்னிச்சுட்டேன்" என்றார். மை கன்னம் வரைக்கும் இழுத்துக்கொண்டது.

எதை மன்னித்தார் என்று உனக்குத் தெரியுமா? சொல்லியிருக்க மாட்டார். நானே சொல்லித் தொலைக்கிறேன். நம் நாடகம் தொடங்கும்போது இளவரசன் வேஷத்துக்கு நாங்கள் இரண்டு பேரும் போட்டி. யாரைப் போடுவது என்று இயக்குநருக்குக் குழப்பம். அவருக்கு ஒரே ஒரு பிடிவாதம், அரண்மனை வாசலில் இளவரசன் தலை நிமிர்ந்து வரவேண்டும். மாப்பிள்ளை என்னைவிட நல்ல உயரம். நான் சத்தமில்லாமல் தச்சரிடம் போய், வாசலை நாலு விரல் இறக்கி அடிக்கச் சொன்னேன். ஒத்திகையில் மாப்பிள்ளை கம்பீரமாக வந்தார், கிரீடம் நிலையில் தட்டி உருண்டு முதல் வரிசை வரைக்கும் போனது. "குனிஞ்சு வர்ற இளவரசன் எனக்கு வேணாம்" என்று இயக்குநர் அவரைத் தளபதி ஆக்கிவிட்டார். அந்த வருஷம் அண்ணன் நடிப்பதைப் பார்க்கிறேன் என்று வந்த நீ, அண்ணனை விட்டுவிட்டுத் தளபதியைப் பார்த்துத் தொலைத்தாய். உங்கள் கல்யாண விருந்தில் தச்சர் இரண்டாவது தடவை பாயசம் வாங்கிக்கொண்டே இந்த ரகசியத்தை மாப்பிள்ளையிடம் உளறிவிட்டார். அந்த வாசல் நிலை எப்போதோ உடைந்து விறகாகிவிட்டது. கோபம் மட்டும் வாரா வாரம் புதுசாகவே இருந்தது.

அந்தக் கோபம்தான் நாடகம் என்று எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. என் வீரத்துக்குத்தான் கூட்டம் வருகிறது என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேருக்கும் ஒரே நாற்காலி வேண்டும், அதில் ஒருத்தன்தான் உட்கார முடியும் என்றால்தான் சண்டையில் சூடு இருக்கும். அதுவும் வில்லன் தன் பக்கம்தான் நியாயம் என்று நம்பவேண்டும். சும்மா கெட்டவனாக உறுமினால் கொட்டாவிதான் வரும். மாப்பிள்ளை அப்படி நம்பினார். சொல்ல வெட்கமாக இருக்கிறது, நியாயம் உண்மையிலேயே அவர் பக்கம்தான் இருந்தது. "என் இடத்தில் நிற்கிறாய் நீ!" என்று அவர் படியில் நின்று கத்தும்போது நான் நிஜமாகவே ஒரு அடி பின்வாங்கிவிடுவேன். அங்கிருந்து நான் வாளை உயர்த்துவேன் பார், அதற்குத்தான் கைதட்டல். வில்லன் இளைத்தால் கதாநாயகனும் இளைத்துவிடுகிறான் அம்மா. இப்போது நான் ஒரு ஒல்லிப்பிச்சான் இளவரசன்.

மன்னித்த அன்றே ஆரம்பித்தது. சிறைச்சாலைக் காட்சியில் என்னைச் சங்கிலியால் கட்டி, "இது உன் எலும்போடுதான் கழலும்!" என்று உறுமவேண்டும். உறுமினார். உறுமிவிட்டுக் குனிந்து, "இறுக்கமா இருக்கா மச்சான்?" என்று கேட்டார். சட்டையில் மைக் மாட்டியிருப்பதை மறந்துவிட்டார். அரங்கம் முழுக்கக் கேட்டது. சிரிப்பு அடங்க நாலு நிமிஷம் ஆயிற்று. அதற்கடுத்த வாரம் இளவரசியைக் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்து வரவேண்டிய காட்சி. நம் இளவரசி வார நாட்களில் பல் டாக்டரிடம் வரவேற்பில் உட்காருகிறவள், உனக்குத் தெரியுமே. இவர் அவளை இழுக்கவில்லை, "மெதுவா வாங்க, படி இருக்கு" என்று அழைத்து வந்து, பக்கத்திலிருந்த சிம்மாசனத்தைத் துடைத்து உட்காரச் சொன்னார். அவளும் பழக்க தோஷத்தில், "ரொம்ப தேங்க்ஸ் சார்" என்றுவிட்டாள். கூட்டத்திலிருந்து ஒரு அம்மா எழுந்து, "அந்த இளவரசன் வேணாம், இவரையே கட்டிக்கோம்மா!" என்று கத்தினார். நான் அப்போது மேடையின் மறுகோடியில் சங்கிலியோடு நிற்கிறேன். யாரும் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

போன வாரம் நடந்ததுதான் எல்லாவற்றுக்கும் சிகரம். கடைசிச் சண்டையில் படியிலிருந்து பின்னால் இறங்கும்போது என் முழங்கால் மடங்கிவிட்டது. விழப்போனேன். எதிரி விழுந்தால் வில்லன் என்ன செய்வான்? சிரிப்பான், நெஞ்சில் கால் வைப்பான். இவர் தன் வாளைத் தூக்கிப் போட்டுவிட்டு ஓடி வந்து என்னைக் குழந்தையைப் போல் ஏந்திக்கொண்டார். கைதட்டல்! இத்தனை வருஷத்தில் நான் கேட்காத கைதட்டல். பிறகு நாடகம் முடியவேண்டுமே என்று, கீழே கிடந்த என் வாளை எடுத்து என் கையில் கொடுத்து, விரலை ஒவ்வொன்றாக மடக்கிப் பிடிக்க வைத்து, தானே அதில் பாய்ந்து உயிரை விட்டார். பெண்கள் அழுதார்கள். வெளியே வந்தால் பஸ் ஸ்டாப்பில் இரண்டு பெண்கள் என்னைக் காட்டி, "இவன்தான்டி, அந்த நல்ல மனுஷனைக் குத்தினவன்" என்று பேசிக்கொள்கிறார்கள். பஸ்ஸில் எனக்கு யாரும் நகர்ந்து இடம் தரவில்லை. வலிக்கிற முழங்காலோடு நின்றுகொண்டே வந்தேன்.

அவருக்குக் கோபம் வரவைக்க நான் செய்யாத வேலை இல்லை. அவர் ஸ்கூட்டருக்குக் குறுக்கே என் வண்டியை நிறுத்தினேன். நடந்து போவது நல்லதுதான் என்று நடந்தே போய்விட்டார். அவர் ஒட்டு மீசையை ஒளித்து வைத்தேன். மீசையில்லாமல் மேடைக்கு வந்தார், இன்னும் சாதுவாகத் தெரிந்தார். எல்லார் முன்னாலும் "உங்களுக்கு நடிப்பே வராது மாப்பிள்ளை" என்று சொன்னேன். அவர், "உண்மைதான் மச்சான். இத்தனை நாளா யாருமே சொல்லலை. நீங்கதான் அக்கறையா சொல்லியிருக்கீங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து உன் அண்ணியிடம் எரிந்து விழுந்தேன். "அந்த மனுஷனைப் பார்த்துக் கொஞ்சம் கத்துக்குங்க" என்றாள். நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

அரங்க மேலாளர் தீர்த்துச் சொல்லிவிட்டார். வருகிற ஞாயிற்றுக்கிழமையும் சண்டைக் காட்சியில் சனம் சிரித்தால், அதற்கடுத்த வாரத்திலிருந்து மேடை ஒரு மந்திரவித்தைக்காரருக்கு. அவரிடம் புறாக்கள் இருக்கின்றனவாம். உனக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். நான் வாரத்தில் ஆறு நாள் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். இருட்டுப் பள்ளத்துக்குள் இறங்கி நிற்பேன். மேலே இருக்கிறவர்களுக்கு நான் ஒரு குரல், அவ்வளவுதான். "ஆச்சா? ஆச்சா?" என்று கேட்பார்கள், லிஃப்ட் ஓடியதும் ஏறிப் போய்விடுவார்கள், என் முகத்தைப் பார்த்தவர்கள் கிடையாது. ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு மட்டும்தான் முந்நூறு பேர் என் முகத்தைப் பார்க்கிறார்கள். அது போய்விட்டால் எனக்கு என்ன இருக்கிறது சொல்? எனக்குப் பயமாக இருக்கிறதும்மா.

அதனால் உன் காலைப் பிடிக்காத குறையாகக் கேட்கிறேன். முதலில் அந்த வகுப்பை நிறுத்து. ஞாயிறு காலையில் ஏதாவது சாக்கு வைத்து அவரோடு நல்லதாக ஒரு சண்டை போடு. அவர் துணியை இஸ்திரி போடாதே, அவர் பேசும்போது டிவி சத்தத்தைக் கூட்டு, மாமியார் விஷயத்தை எடு. எதற்கும் அசையவில்லை என்றால் கடைசி ஆயுதமாக இதைச் சொல். அவருக்குத் தெரியாத இன்னொரு துரோகம் இருக்கிறது. தளபதி மேடைக்கு வரும்போது முரசு பன்னிரண்டு அடி அடிக்கும், ஞாபகம் இருக்கிறதா? நாலாவது வருஷத்தில் அது ஆறு அடியாகக் குறைந்தது. முரசுக்காரருக்குக் கைவலி என்று அவர் இன்றைக்கும் நம்பிக்கொண்டிருக்கிறார். கைவலியும் இல்லை, கால்வலியும் இல்லை. நான்தான் குறைக்கச் சொன்னேன். இதைக் கேட்டும் ஒரு மனுஷனுக்கு ரத்தம் கொதிக்கவில்லை என்றால், டாக்டரிடம் கூட்டிப் போ.

பிள்ளைகளுக்கு என் ஆசிகள். பெரியவள் கணக்கில் தேறிவிட்டாள் என்று கேள்விப்பட்டேன், சந்தோஷம். நீ எல்லா நலமும் பெற்று நீடூழி வாழவேண்டும். உன் வீட்டுக்காரருக்கு என் அன்பையோ விசாரிப்பையோ தயவுசெய்து சொல்லிவிடாதே.

இப்படிக்கு,
உன் அருமை அண்ணன்

பின்குறிப்பு: மேலே எழுதியது எல்லாம் ரத்து. நாலு பக்கம் கை வலிக்க எழுதியதைக் கிழிக்க மனசு வரலை, அதனால அப்படியே அனுப்புறேன், நீ இதை மட்டும் படி. கடிதத்தை ஒட்டுறதுக்கு முன்னாடி ஒத்திகைக்குப் போனேன். இயக்குநர்கிட்ட உன் வீட்டுக்காரரைப் பத்திப் பேச ஆரம்பிச்சேன். பேசப் பேச எனக்கு உடம்பெல்லாம் பத்திக்கிச்சு. என் கைதட்டலை எடுத்துக்கிட்டாரு, என் இளவரசியை எடுத்துக்கிட்டாரு, பஸ்ல என் சீட்டைக்கூட எடுத்துக்கிட்டாரு, இதையெல்லாம் சிரிச்சுக்கிட்டே பண்றாருன்னு படியில நின்னு கத்தினேன். கத்தி முடிச்சுத் திரும்பிப் பார்த்தேன். பின்வரிசையில உட்கார்ந்திருந்த மேலாளர் எழுந்து நின்னுட்டாரு. இயக்குநர் என் பக்கத்துல வந்து, "இந்த மூஞ்சியை இத்தனை வருஷம் எங்கய்யா வச்சிருந்தே?"ன்னு கேட்டாரு. ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளைதான் இளவரசன். நான் தளபதி. அவர் அதுக்கும், "மச்சான் மனசு கஷ்டப்படும், எனக்கு வேணாம்"னு கண் கலங்கினாரு பாரு, அப்ப எனக்கு வந்த ஆத்திரத்துல சங்கிலியை அவர் கையில மாட்டினேன், இளவரசி நிஜமாவே வீல்னு கத்திட்டா. மேடையில இப்படி ஒரு சண்டையை நாங்க போட்டதே இல்லை. அதனால வகுப்பை நிறுத்தாதே, ஒருநாள் விடாம அனுப்பு. இஸ்திரி போட்டுக் கொடு, சிரிச்சுப் பேசு, முரசு விஷயத்தைப் பத்தி மூச்சு விடாதே. அந்த மனுஷன் எவ்வளவு நல்லவரா இருக்காரோ அவ்வளவுக்கு எனக்கு எரியுது. முக்கியமா நான் கோபமா இருக்கேன்னு அவருக்குத் தெரியவே கூடாது. தெரிஞ்சா சமாதானம் பேச வந்துடுவாரு, நானும் அவரை மன்னிச்சுத் தொலைச்சுடுவேன்.