டப்பாவில் நாலு பல், ஒரு கல்

முழு உடம்புக்காரர் என்று ஒரு ரகம் உண்டு. நீங்கள் பார்த்ததே இல்லை என்றால், துக்க வீடுகளுக்குச் சரியாகப் போய் வருவதில்லை என்று அர்த்தம். எல்லோரும் கால்மாட்டில் நின்று அழுதுகொண்டிருக்கும்போது, தலைமாட்டுக்குப் போய்க் குனிந்து, இமைக்குக் கீழே கண் இருக்கிறதா என்று பார்க்கிறாரே, அவர்தான். இருந்தால் ஒரு பெருமூச்சு. தானம் கொடுத்துவிட்டார்கள் என்று யாராவது சொன்னால் போச்சு. "ஐயோ பாவம், கடைசி நாள்ல எக்காளம் ஊதிச் செத்தவங்களை எழுப்பும்போது இந்த மனுஷன் எந்தப் பக்கம்னு பார்த்து ஓடுவாரு?" என்று செத்தவருக்காக இவர் தனியாக ஒரு மூச்சு அழுவார். ஞாயிறு பூசையில் "உடலின் உயிர்ப்பை நம்புகிறேன்" என்று வரும்போது மற்றவர்கள் கொட்டாவி விடுவார்கள். இவர் மட்டும் தோளிலிருந்து முழங்கால் வரை தன்னைத் தடவிப் பார்த்துக்கொள்வார்.

இந்த ரகத்துக்கு ஒருவரைச் சொன்னால் போதும். ஃபேன் மெக்கானிக். அவர் வீட்டுப் பீரோவில் ஒரு பிஸ்கட் டப்பா. அதற்குள் விழுந்த பல் நாலு, ஃபேன் இறக்கையில் சிக்கிப் பெயர்ந்த நகம் ஒன்று, ஆபரேஷனில் எடுத்த பித்தப்பைக் கல் ஒன்று. தன்னைப் புதைக்கும்போது டப்பாவைப் பெட்டிக்குள், வலது கைக்கு எட்டுகிற மாதிரி வைக்க வேண்டும் என்பது மனைவிக்கு இட்ட கட்டளை.

"பல்லு சரிங்க. கல்லு எதுக்கு? அது இருந்தப்ப மூணு நாள் தரையில உருண்டீங்களே, மோட்சத்துலயும் உருளணுமா?"

"என் உடம்புல விளைஞ்சதுடி. விட்டுட்டா போக முடியும்?"

"அப்ப தலைமுடி? அது பூராவும் சாக்கடையில போயிடுச்சே."

மனுஷன் இரண்டு நாள் சாப்பாட்டில் கை வைக்கவில்லை.

இதே ஆள் கடையில் என்ன செய்வார் தெரியுமா? ஓடாத ஃபேனைக் குப்பையில் போடப்போகிறவரை வாசலிலேயே மறித்து, "கொடுத்துட்டுப் போங்க சார். செத்துப்போச்சுன்னா எல்லாமே செத்துப்போச்சா? இதோட பேரிங் ஒரு வீட்டுல சுத்தும், கெப்பாசிட்டர் இன்னொரு வீட்டு ஃபேனைச் சுத்த வைக்கும்" என்று பிரசங்கமே செய்வார். அவர் பிழைப்பே அதுதான். இதை ஒருநாள் மனைவி சொல்லிக் காட்டினாள். "ஃபேனுக்கு உயிர்ப்பு உண்டாடி?" என்று கேட்டு வாயை அடைத்துவிட்டார்.

அவள் கோயிலிலிருந்து உடல் உறுப்பு தானப் படிவம் கொண்டுவந்து தன் பெயரை எழுதிக் கையெழுத்தும் போட்டாள். வீட்டார் கையெழுத்து ஒன்று வேண்டும். இவர் பேனாவைத் தொடவே மாட்டேன் என்றார்.

"உன்னைப் பாதியா அனுப்பிவச்சிட்டு, அவ்வளவு கூட்டத்துல நான் உன்னை எப்படிடி அடையாளம் கண்டுபிடிப்பேன்?"

"கத்திப் பேசுற சத்தம் கேட்டா நீங்கதான்னு நான் வந்து சேர்ந்துக்கிறேன். போடுங்க."

போடவில்லை. படிவம் ஃபிரிட்ஜ் மேல் கிடந்தது.

அப்புறம் அவருடைய இடது கண்ணில் பூ விழுந்தது. வலது கண் ஏற்கெனவே அரைக் கண். முடி மாதிரி இருக்கிற செம்புக் கம்பியைச் சுற்றுகிறவருக்குக் கம்பி எது, நிழல் எது என்றே தெரியவில்லை. ஒரே வாரத்தில் மூன்று மோட்டார் புகைந்தன. கண் டாக்டர் பார்த்துவிட்டு, கண்ணுக்கு முன்னால் கண்ணாடி மாதிரி இருக்கிற தோல் வெளுத்துவிட்டது, செத்தவர் ஒருவருடையது கிடைத்தால் மாற்றிவிடலாம் என்றார். நம்மவர் வேண்டாம் என்று சொல்லியிருப்பார் என்றா நினைக்கிறீர்கள்? அங்கேயே பெயரைப் பதிந்துவிட்டு, வாரத்துக்கு இரண்டு தடவை போன் போட்டு, "இன்னும் யாரும் கொடுக்கலையா? என்ன ஜனங்களோ!" என்று அலுத்துக்கொண்டார்.

ஒருநாள் கண் வந்தது. ஆபரேஷன் மேசையில் படுத்துக்கொண்டு மெல்லக் கேட்டார்: "டாக்டர், கொடுத்தவங்க ஞானஸ்நானம் வாங்கினவங்களா?"

"நல்லாப் பார்த்த கண்ணு. ஆடாம படுங்க."

கட்டுப் பிரித்ததும் மனைவியின் முகம் தெரிந்தது. அவள் தலையில் இத்தனை நரையா என்று திகைத்தார். அடுத்த நிமிஷமே அந்தக் கண்ணைக் கொடுத்தவர் நினைவு வந்தது. நேரே பங்குச் சாமியாரிடம் ஓடினார்.

"சாமி, எக்காளம் ஊதினதும் கண்ணுக்குச் சொந்தக்காரர் எழுந்து வந்து கேட்டா நான் என்ன பண்ணுவேன்?"

சாமியார் ஜெபப் புத்தகத்தை மூடிவைத்தார். "தீயில வெந்தவங்களையும் கடல்ல மீனுக்கு இரையானவங்களையும் எழுப்புறவருக்கு, உன் கண்ணுல ஒரு துண்டுத் தோல் பெரிய காரியமா? செத்தப்புறம் எடுத்துக்கோங்கன்னு உயிரோட இருக்கும்போதே மனசார எழுதிக் கொடுக்கிறது பெரிய அன்புன்னு திருச்சபையே சொல்லுது. கட்டாயம் இல்லை. யாரும் உன் கையைப் பிடிச்சு இழுக்கல."

"அப்ப என் டப்பா, சாமி?"

"பல்லை யாரும் கேக்க மாட்டாங்க. கல்லை நிச்சயமா கேக்க மாட்டாங்க. நிம்மதியா வச்சுக்கோ."

கண் நன்றாகத் தேறியதும் ஒரு மதியம் கடையில் கம்பி சுற்ற உட்கார்ந்தார். ஒவ்வொரு சுற்றும் தனித்தனியாகத் தெரிந்தது. இந்தக் கண்ணைக் கொடுத்தவர் வீட்டிலும் ஒரு படிவம் ஃபிரிட்ஜ் மேல் கிடந்திருக்கும். யாரோ ஒருவர் அழுதுகொண்டே அதில் கையெழுத்துப் போட்டிருப்பார். அதற்கு மேல் கம்பி சுற்ற ஓடவில்லை. கடையைப் பாதியில் பூட்டிவிட்டு வந்து மனைவியின் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். தனக்கும் ஒன்று கேட்டு வாங்கினார். எல்லாம் எழுதிவிட்டு, அடியில் கிடந்த காலி இடத்தில் அழுத்தமாக இப்படிச் சேர்த்தார்: "இடது கண் என்னுடையது அல்ல. எடுக்கும் முன் உரியவரைக் கேட்கவும்."

"அவரை எங்கங்க போய்க் கேக்குறது?"

"அதுக்குத்தானேடி எக்காளம் ஊதுறாங்க!"

சிரித்துவிட்டீர்களா? நல்லது. உங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் மேல் கிடக்கிற தாளைப் பற்றி நான் கேட்கப்போவதில்லை, அது உங்கள் பாடு. ஒன்றே ஒன்றை மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள். உங்கள் டப்பாவை எங்கே ஒளித்து வைத்திருக்கிறீர்கள்?